ஃபோம் கவசம்: அளவெடுப்பது முதல் வண்ணம் பூசுவது வரை முழுமையான வழிகாட்டி

வீரன் வேடத்துக்கு அணியும் ஃபோம் கவசம் பார்ப்பவர் கண்ணுக்கு இரும்பாகத் தெரிய வேண்டும். அணிந்திருப்பவர் உடலுக்கு அது கடைசிவரை ஃபோமாகவே இருக்க வேண்டும். பெரும்பாலான கவசங்கள் பழுதாவது இந்த இரண்டும் மோதும் இடத்தில்தான். ஃபோம் வளைந்து கொடுக்கிறது, அதன்மேல் பூசிய பட்டியோ (பள்ளம் நிரப்பும் பூச்சு) பெயின்ட்டோ வளைய மறுக்கிறது. ஒரு மணி நேரம் அணிந்து நடப்பதற்குள் முழங்கைப் பக்கம் வெடிப்பு விழுந்து, கறுப்பு ஃபோம் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். ஆகவே பசை, நிரப்பி, சீலர் (வண்ணத்துக்கு முன் ஃபோமை மூடும் பூச்சு), வண்ணம் என்று எதை வாங்கினாலும் அது ஃபோமுடன் சேர்ந்து வளையுமா என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் நான் இந்தக் கேள்விக்குத் திரும்பி வருவேன்.

முதல் கவசமாக முழு உடையையும் தொடங்க வேண்டாம். ஒரு ஜோடி முன்கைக் கவசம் போதும். வளைவு, இணைப்பு, விளிம்பு, வார் என எல்லா வேலையும் அதில் சிறிய அளவில் வந்துவிடும். மார்புக் கவசமும் தோள் கவசமும் அதே வேலையின் பெரிய வடிவங்கள்தாம்.

ஃபோமைத் தேர்ந்தெடுத்தல்

கவச வேலைக்கு ஏற்றது ஈ.வி.ஏ. ஃபோம், அதாவது எத்திலீன் வினைல் அசிட்டேட். இதன் காற்றறைகள் ஒன்றோடொன்று சேராமல் மூடியவை. அதனால் இது தண்ணீரை உறிஞ்சாது, வெட்டினால் சுத்தமான விளிம்பு கிடைக்கும். சூடுபடுத்தி வளைத்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும். பொருள்களைப் பொதிய வைக்கும் வெள்ளைத் தெர்மோகோல் முற்றிலும் வேறு பொருள். கரைப்பான் கலந்த பசையும் ஸ்பிரே பெயின்ட்டும் பட்டால் அது கரைந்தே போகும்.

தடிமனைப் பொறுத்தவரை 5 அல்லது 6 மி.மீ. தாள் முன்கைக்கும் கெண்டைக்காலுக்கும் சரியாக இருக்கும். மார்புக்கும் தோளுக்கும் 8 முதல் 10 மி.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒட்டும் அலங்காரப் பட்டைகளுக்கு 2 மி.மீ. போதும். புதியவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் தடித்த ஃபோமை எடுக்கிறார்கள். உறுதி வளைவிலிருந்து வருகிறது. நன்றாக வளைத்த 6 மி.மீ. தாள், தட்டையாக விட்ட 10 மி.மீ. தாளைவிட விறைப்பாக நிற்கும்.

தரையில் விரிக்கும் புதிர்த்துண்டு விரிப்புகளும் பெரும்பாலும் ஈ.வி.ஏ. ஃபோம்தான். பழகுவதற்கு அவை நல்லவை. ஆனால் ஒரு பக்கம் சொரசொரப்பான அச்சு இருக்கும், அதை உள்பக்கமாக வைக்க வேண்டும். வாங்கும்போது கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே மீண்டால் அடர்த்தி போதும். விரல் தடம் அப்படியே நின்றால் அந்தத் தாளில் விளிம்புகள் கூர்மையாக வராது.

கருவிகளும் பாதுகாப்பும்

ஒடித்துப் புதுப்பிக்கும் கட்டர் கத்தி, நிறைய மாற்று அலகுகள், இரும்பு அளவுகோல், வெட்டும் பலகை, ஹீட் கன் (சூடான காற்றை வீசும் கருவி), காண்டாக்ட் பசை (இரு பக்கமும் பூசி, சற்று உலரவிட்டுச் சேர்க்கும் பசை), உப்புத்தாள் ஆகியவை இல்லாமல் முடியாது. மணல் உருளை பொருத்திய ரோட்டரி டூல் (முனை வேகமாகச் சுழலும் கைக்கருவி) இருந்தால் விளிம்பு வேலை பல மடங்கு விரைவாகும்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. காண்டாக்ட் பசையிலும் ஸ்பிரேயிலும் இருக்கும் கரைப்பான் ஆவியைத் துணி முகக்கவசமோ தூசி முகக்கவசமோ தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும். ரோட்டரி டூலால் தேய்க்கும்போது கிளம்பும் நுண்தூசிக்குத் தூசி வடிகட்டியும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், வெளியில் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. பசை ஆவி எளிதில் தீப்பற்றும். ஆகவே ஈரப் பசை இருக்கும் அறையில் ஹீட் கன்னை இயக்கவே கூடாது. ஒட்டும் வேலையையும் சூடாக்கும் வேலையையும் நேரத்தாலோ இடத்தாலோ பிரித்து வையுங்கள். சிறுவர்கள் உடன் வேலை செய்தால் கத்தி, பசை, ஹீட் கன் மூன்றும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

மாதிரித்தாள்: முக்கால்வாசி வேலை இங்கே

நீங்கள் அணியப்போகும் உடையைப் போட்டுக்கொண்டு, முன்கையில் சமையலறைப் பிளாஸ்டிக் உறையை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். அதன்மேல் டக்ட் டேப்பைச் சிறு துண்டுகளாக ஒட்டி மூடுங்கள். நீளமாக இழுத்துச் சுற்றினால் கை இறுகி, அளவு சிறுத்துவிடும். பிறகு பேனாவால் கவசத்தின் எல்லைகளை டேப்பின் மேலேயே வரையுங்கள்: மணிக்கட்டு விளிம்பு, முழங்கை விளிம்பு, நடுமுகடு, திறப்பு வரும் இடம். கையை மடக்கிப் பார்த்து, முழங்கை மடிப்பில் இடிக்கும் அளவுக்கு மேல்விளிம்பு ஏறியிருந்தால் அப்போதே கீழிறக்குங்கள்.

வெட்டிப் பிரிப்பதற்கு முன் எல்லா இணைப்புக் கோடுகளின் குறுக்கேயும் சிறு கோடுகள் போடுங்கள். இந்த ஒப்புக்கோடுகள்தாம் பின்னால் ஒட்டும்போது இரண்டு விளிம்புகளையும் சரியாகச் சந்திக்க வைக்கும். முன்கை மணிக்கட்டில் ஒடுங்கி முழங்கைப் பக்கம் அகலும். ஆகவே பிரித்து விரித்த துண்டு விசிறி வடிவில் வரும், அதை நேராக்கிவிட வேண்டாம். துண்டு தட்டையாகப் படியாமல் எழும்பி நின்றால் எழும்பும் இடத்தில் ஒரு வெட்டு விட்டுப் படிய வையுங்கள். அந்த வெட்டு ஃபோமில் ஒரு சிறு ஆப்பு வடிவ இடைவெளியாகவோ தனி இணைப்பாகவோ மாறும்.

ஃபோமின் தடிமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உடலைச் சுற்றி முழு வட்டமாக வரும் துண்டுக்கு, தடிமனைப் போல் 3.14 மடங்கு நீளம் கூடுதலாகத் தேவை. 6 மி.மீ. ஃபோமுக்கு ஏறத்தாழ 19 மி.மீ., 10 மி.மீ. ஃபோமுக்கு ஏறத்தாழ 31 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைவட்டத் துண்டுக்கு இதில் பாதி போதும். மார்புக் கவசத்துக்கு மூச்சை முழுதாக இழுத்த நிலையில் அளவெடுங்கள். உட்கார்ந்த நிலையில் கீழ்விளிம்பு தொடையிலோ வயிற்றிலோ குத்துகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று: முன்கைக் கவசத்தை மூடிய குழாயாகச் செய்தால் மணிக்கட்டுப் பக்கம் கை நுழையாது. உள்பக்கம் நீளவாக்கில் திறப்பு விட்டு, வாராலோ வெல்க்ரோவாலோ மூடுங்கள்.

டேப் மாதிரியைத் தடித்த தாளுக்கு மாற்றி, கோடுகளைச் சீராக்கி, வெட்டிக் கையில் சுற்றிப் பார்த்த பிறகே ஃபோமைத் தொடுங்கள். தாளில் இரண்டு முறை திருத்துவதற்குச் செலவே இல்லை. இடக்கைக்கு அதே தாளைக் கவிழ்த்துப் போட்டு வரையலாம். ‘இடது’, ‘வலது’ என்று உள்பக்கத்தில் எழுதி வையுங்கள். வெளிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவைத் தவிர்க்க வேண்டும். அதன் மை பின்னால் வண்ணத்தின் ஊடே கசிந்து தெரியும். கறுப்பு ஃபோமில் வெள்ளிநிறப் பென்சில் நன்றாகத் தெரியும்.

வெட்டுதல்

மழுங்கிய அலகு ஃபோமைக் கிழிக்கும். விளிம்பில் சிறு பற்கள் போலத் தெரிந்தால் அலகை உடனே மாற்றுங்கள். கத்தியைத் தாழ்த்திப் பிடித்து நீளமாக இழுக்க வேண்டும். தடித்த தாளை ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல் இரண்டு மூன்று இழுப்புகளில் முடியுங்கள். வளைவான கோட்டில் கத்தியைத் திருப்புவதைவிட ஃபோமைத் திருப்புவது எளிது.

அலகு தரைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதை அடிக்கடி கவனியுங்கள். சற்றே சாய்ந்து வெட்டிய இரண்டு விளிம்புகளைச் சேர்த்தால் வெளியில் பள்ளம் விழும். அதை எந்த நிரப்பியாலும் முழுதாக மறைக்க முடியாது. கோணத்தில் சந்திக்கும் தட்டுகளுக்கு மட்டும் வேண்டுமென்றே சாய்வு வெட்டு தேவை. செங்கோணமாகச் சந்திக்க வேண்டுமானால் ஒவ்வொரு விளிம்பையும் 45 டிகிரியில் வெட்ட வேண்டும். கவசத்தின் நடுவில் ஓடும் கூர்முகடு இப்படித்தான் பிறக்கிறது. சாய்வு வெட்டு கையில் படிய, வீணான துண்டுகளில் கொஞ்ச நேரம் பழகிக்கொள்வது நல்லது.

வெட்டும்போது விழும் துண்டுகளில் உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்து வையுங்கள். அதுதான் உங்கள் சோதனைத் துண்டு. இனிக் கவசத்துக்குச் செய்யும் ஒவ்வொன்றையும், சூடு முதல் கடைசிப் பளபளப்புப் பூச்சு வரை, முதலில் அதன்மேல் செய்து மடக்கிப் பார்க்க வேண்டும்.

சூடுபடுத்தி வளைத்தல்

ஹீட் கன்னை ஃபோமிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருங்கள். முதலில் மேற்பரப்பு மெல்ல மினுங்கத் தொடங்கும், பிறகு தாள் தளரும். அப்போது வளைத்து, ஆறும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். சூட்டோடு கையை விட்டால் பாதி வளைவு திரும்பப் போய்விடும். புட்டி, குழாய் போன்ற உருளைப் பொருளின்மேல் சுற்றிக் கட்டி ஆறவிட்டால் இரண்டு கைகளுக்கும் ஒரே வளைவு கிடைக்கும். மேற்பரப்பு கொப்பளித்தாலோ சுருங்கினாலோ சூடு அதிகம், அந்த இடத்தை மீட்க முடியாது.

தேவைக்குச் சற்று அதிகமாகவே வளையுங்கள். வளைவை ஒட்டுவதற்கு முன்பே கொடுத்துவிட்டால் இணைப்பின்மேல் இழுவிசை விழாது. தட்டையான தாளைப் பசையின் பலத்தால் மட்டும் வளைத்து நிறுத்தினால் அந்த இணைப்பு என்றாவது ஒருநாள் திறந்துகொள்ளும்.

முழங்கால் மூடிபோல் குவிந்த வடிவம் வேண்டுமானால், சூடான ஃபோமின் நடுவை முழங்காலிலோ வட்டமான பாத்திரத்தின் அடியிலோ வைத்து விளிம்புகளை இழுத்து அழுத்துங்கள். கூர்மையான மடிப்புக்கு உள்பக்கத்தில் பாதி ஆழத்துக்கு ஒரு ‘வி’ வடிவப் பள்ளம் வெட்டி, அதில் பசை பூசி மூடினால் வெளியில் தெளிவான கோடு தெரியும்.

ஒட்டுதல்

வளையும் இணைப்புக்குக் காண்டாக்ட் பசைக்கு இணை இல்லை. காலணி ஒட்டப் பயன்படும் மஞ்சள் நிற ரப்பர் பசை இந்த வகைதான். சூப்பர் பசை உடனே பிடிக்கும், ஆனால் இறுகியபின் கண்ணாடிபோல் நொறுங்கும். சூட்டில் உருகும் பசைக்குச்சி சிறு அலங்காரங்களுக்கு உதவும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் அது இளகிவிடும் என்பதால் முதன்மை இணைப்புகளை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம்.

சேரும் இரண்டு விளிம்புகளிலும் மெல்லிய பூச்சுக் கொடுங்கள். வெட்டிய விளிம்பு பசையை உறிஞ்சும், ஆகவே முதல் பூச்சு உலர்ந்ததும் இரண்டாவதும் பூசுவது நல்லது. பிறகு காத்திருக்க வேண்டும். பசையின் வகையையும் காற்றையும் பொறுத்து 5 முதல் 15 நிமிடங்கள் ஆகலாம். விரலால் தொட்டால் லேசாகப் பிடிக்க வேண்டும், நூல் இழுக்கக் கூடாது. ஈரத்தோடு சேர்த்தால் ஒட்டாது. ‘இந்தப் பசை சரியில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணம்.

சேர்த்த கணமே பிடித்துவிடும், நகர்த்திச் சரிசெய்ய வாய்ப்பில்லை. ஆகவே ஒப்புக்கோடுகளை முதலில் ஒன்றோடொன்று சேர்த்து, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியைச் சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு விளிம்பு சற்று நீளமாக இருந்தாலும் இம்முறையில் மிச்சம் எல்லா இடத்துக்கும் பரவிவிடும். வெளிப்பக்கம் சமமாக இருக்கட்டும். உள்பக்கத்தில் படி விழுந்தால் யாரும் பார்க்கப் போவதில்லை. முழுப் பலம் வர 24 மணி நேரம் விடுங்கள், அதுவரை போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

இணைப்பை மறைத்தல், நுணுக்க வேலை

மயிரிழை இடைவெளிகளுக்கு அக்ரிலிக் கால்க்கை (இடுக்குகளை அடைக்கும் களிம்பு) தேய்த்து, ஈரவிரலால் வழித்துவிடுங்கள். உலர்ந்தபின்னும் அது ரப்பர்போல் வளையும். பெரிய பள்ளங்களுக்குக் காற்றில் உலரும் ஃபோம் களிமண் ஏற்றது. அது உலரும்போது சற்றுச் சுருங்கும், ஆகவே மேடாக நிரப்பி, உலர்ந்தபின் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். சுவருக்குப் போடும் பட்டியையும் வாகன உடலுக்குப் போடும் பட்டியையும் ஃபோமில் போட வேண்டாம். தேய்த்தால் அழகாக வரும், வளைத்தால் பிளக்கும்.

இரும்பு போன்ற தோற்றத்தைப் பெருமளவுக்கு விளிம்புகளே தருகின்றன. கத்தி வெட்டிய விளிம்பு அப்படியே இருந்தால் எவ்வளவு நல்ல வண்ணத்திலும் அது ஃபோம் என்று காட்டிக்கொடுக்கும். ரோட்டரி டூலால் 120 எண் உருளை கொண்டு விளிம்புகளை லேசாக உருட்டுங்கள், பிறகு நயமான உப்புத்தாளால் தேய்த்து முடியுங்கள். வெட்டுக் காயங்கள் வேண்டுமானால் அதே கருவியால் ‘வி’ வடிவக் கீறல்கள் போடலாம். அடித்து நெளித்த உலோகத்தின் மேற்பரப்பு வேண்டுமானால், கசக்கிய அலுமினியத் தாளைச் சூடான ஃபோமில் அழுத்துங்கள். அரை மி.மீ. ஆழத்துக்குக் கத்தியால் கோடு கீறி ஹீட் கன் காட்டினால் கோடு தானே திறந்து, தட்டுகளுக்கு இடையிலான பிளவுபோல் தெரியும். ஒரே வெட்டில் இவ்வளவு பலன் தரும் உத்தி இந்த வேலையில் வேறொன்று இல்லை. 2 மி.மீ. பட்டைகளை விளிம்போரம் ஒட்டினால் தட்டு தடித்ததாகத் தோன்றும்.

வார்களை இப்போதே திட்டமிடுங்கள்

வண்ணம் முடிந்தபின் வாரை நினைத்தால் சிக்கல் வரும். பூசிய பரப்பில் ஒட்டிய வார், இழுத்தால் பூச்சோடு சேர்ந்து உரிந்து வரும். ஆகவே வார் ஒட்டும் இடங்களை இப்போதே குறித்து, அங்கே சீலரும் பெயின்ட்டும் படாமல் காகித டேப்பால் மூடி வையுங்கள். வெல்க்ரோவின் பின்புறம் வரும் ஒட்டுப்பசை ஃபோமில் நிற்காது, அதையும் காண்டாக்ட் பசையால் ஒட்ட வேண்டும். நைலான் பட்டையின் முனையை ஒட்டி, அதன்மேல் ஒரு ஃபோம் ஒட்டுத் துண்டை வைத்து மூடினால் இழுவிசை பரவும். கை கால்களில் அசைவு உண்டு, அங்கே எலாஸ்டிக் பட்டை உதவும். மார்புக் கவசத்தின் பாரத்தைத் தோள் சுமக்க வேண்டும் என்பதால் அங்கே நீளாத பட்டையும் பிளாஸ்டிக் கொக்கியும் வேண்டும். தோள் கவசத்தை மார்புக் கவசத்தோடு இறுக்கிப் பிணைக்காமல் தொங்கவிட்டால் கையைத் தூக்கும்போது அது மேலேறிக் கன்னத்தில் இடிக்காது.

சீலர் பூசுதல்

தேய்க்கும் வேலை முழுதும் முடிந்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தியபின், முழுக் கவசத்தின்மீதும் ஹீட் கன்னை ஒரு முறை வேகமாக ஓட்டுங்கள். மேற்பரப்பின் நுண்துளைகள் மூடி, மங்கலான ஃபோம் சீரான மினுமினுப்புப் பெறும். தேய்த்த விளிம்புகளில் எழுந்து நிற்கும் பஞ்சு இழைகளும் அடங்கும். இணைப்புகளின்மேல் மட்டும் நிற்காமல் கடந்துவிடுங்கள், சூடு அதிகமானால் பசை விட்டுவிடும்.

அடுத்தது சீலர். இது இல்லாமல் நேரே வண்ணம் அடித்தால் ஃபோம் வண்ணத்தை உறிஞ்சி, திட்டுத் திட்டாகத் தெரியும். மூன்று வழிகள் பரவலாக உள்ளன. பிளாஸ்டி டிப் போன்ற ரப்பர் ஸ்பிரே நன்றாக வளையும், விரைவில் முடியும், ஆனால் ஆவியும் விலையும் அதிகம். நீரில் கரையும் வளையும் சீலர்களைத் தூரிகையால் பூசலாம். வாடை குறைவு, வீட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். மரவேலைக்கான வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து பூசுவது மலிவான வழி. அதிகம் வளையாத மார்புத் தட்டுக்கு அது போதும், மடங்கும் இடங்களில் வெடிக்கக்கூடும்.

எதுவானாலும் மூன்று முதல் ஐந்து மெல்லிய பூச்சுகள் வேண்டும். ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகே அடுத்தது. ஈரக்காற்று நிறைந்த நாளில் ரப்பர் ஸ்பிரே அடித்தால் மேற்பரப்பு வெளிறலாம், குமிழியும் விடலாம். ரப்பர் பூச்சை உப்புத்தாளால் தேய்த்தால் உருண்டு உரியும். எனவே சமப்படுத்துவதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒளி உடையாமல் வழுக்கிச் சென்றால் பரப்பு தயார்.

வண்ணம்

முதலில் கறுப்பு அடிப்பூச்சு. கவசத்தின் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் ஓரங்களுக்கும் அதைக் கொடுங்கள். ஸ்பிரேயானால் 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து, கவசத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீச வேண்டும். வெள்ளி வண்ணம் பளபளப்பான கறுப்பின்மேல் ஆழமாகத் தெரியும். தங்க வண்ணத்துக்குப் பழுப்பு அடிப்பூச்சு சூடான நிறம் தரும். தூரிகையால் பூசுவோர் அக்ரிலிக் வண்ணத்தில், துணியில் பூசும் வண்ணத்தை வளையச் செய்யும் மீடியத்தைக் கலந்துகொண்டால் வெடிப்பு குறையும்.

ஒரே சீரான வெள்ளி நிறம் பொம்மைபோல் தெரியும். கறுப்பும் அடர்பழுப்பும் கலந்த அக்ரிலிக்கைத் தண்ணீராக்கி, பகுதி பகுதியாகப் பூசி, உலர்வதற்குள் துணியால் துடைத்தெடுங்கள். பள்ளங்களிலும் கோடுகளிலும் மட்டும் கருமை தங்கும். முழுதும் உலர்ந்தபின், தூரிகையில் வெள்ளி தொட்டு, பெரும்பகுதியைத் தாளில் துடைத்துவிட்டு, மிச்சத்தை விளிம்புகளில் உரசுங்கள். தேய்ந்து பளபளக்கும் உலோகம் அங்கே பிறக்கும். இதைச் செய்யுமுன் யோசியுங்கள்: இந்த வீரன் வாளை எந்தக் கையில் பிடிக்கிறான், அடி எங்கே விழும், வார் எங்கே உரசும், மழைநீர் எந்தத் திசையில் வழியும்? கீறல் அங்கே இருக்கட்டும், துரு கீழ்நோக்கி ஒழுகட்டும். எல்லா இடத்திலும் சமமாகத் தெளித்த அழுக்கு யாரையும் நம்ப வைக்காது.

கடைசியில் வளையும் தன்மையுள்ள தெளிபூச்சு, அதாவது வண்ணத்தைக் காக்கும் நிறமற்ற பூச்சு, இரண்டு மெல்லிய தடவை. இங்கேதான் சோதனைத் துண்டு தன் முழுப் பயனைத் தரும். சில தெளிபூச்சுகள் ரப்பர் சீலரோடு ஒத்துப்போகாமல் நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே நிற்கும், சில உலோக வண்ணத்தின் பளபளப்பை மங்கடிக்கும். துண்டில் பூசி ஓர் இரவு விட்டு, காலையில் விரலால் அழுத்தி, இரண்டாக மடக்கிப் பாருங்கள். ஒட்டாமலும் வெடிக்காமலும் இருந்தால் கவசத்துக்குப் பூசலாம்.

அணிதல், பராமரித்தல்

மூடிய டேப்பை எடுத்துவிட்டு வார்களை ஒட்டி, ஒரு நாள் கழித்து முழுதாக அணிந்து பாருங்கள். படியேறுங்கள், உட்காருங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். உரசும் இடங்களில் உள்பக்கம் மெல்லிய துணி ஒட்டலாம். ஃபோம் காற்றை விடாது, உடல் விரைவில் சூடாகும். தண்ணீர் குடிக்கவும் கவசத்தைக் கழற்றவும் உதவ ஒருவர் உடனிருப்பது நல்லது.

மூடிய வாகனத்திலோ வெயில் படும் சன்னலோரத்திலோ கவசத்தை வைத்தால் வளைவுகள் தளர்ந்துவிடும். காகிதம் அடைத்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் நிழலில் வையுங்கள். வெளியே அணிந்து போகும்போது சூப்பர் பசை, கறுப்பு டேப், உபரிக் கொக்கி, ஊக்குகள், சிறு புட்டியில் அதே வெள்ளி வண்ணம் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சூப்பர் பசை அந்த நேரத்துக்கு மட்டும். வீடு திரும்பியதும் அந்த இணைப்பைச் சுத்தமாக வெட்டித் திறந்து, காண்டாக்ட் பசையால் மறுபடி ஒட்டி, 24 மணி நேரம் விட்டபிறகு சீலரும் வண்ணமும் தொட்டுவிடுங்கள்.